போலீஸ் மீது புகார்: கோலார் தங்கவயலில் எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள்

நேற்று ராத்திரி மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், எந்த ஸ்டேஷன் என்றே தெரியவில்லை என்று தவிக்கும் தாய்க்காக இந்த அத்தியாயம். திருட்டுப் புகாரோடு போனவரை "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பியிருந்தால் அவருக்காகவும், விசாரணை என்று கூப்பிட்டு அடித்து அனுப்பியிருந்தால் அவருக்காகவும். வக்கீல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இதில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். செலவு தபாலுக்கும் ஜெராக்ஸுக்கும்தான்.

தங்கவயல் மக்களுக்குப் போலீஸை எதிர்த்துக் கேட்பது புதிதல்ல. 1930-லேயே, கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்று கூட்டமாக நின்று கேட்டார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிய பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஊராகிவிட்டது. ஒருவருக்கு ஒன்று நடந்தால் பக்கத்து வீட்டில்கூடப் பகலில் ஆள் இருப்பதில்லை. தனி ஆளாக நிற்பவருக்கு ஆதாரம் தேதி போட்ட தாள்தான். அதை உண்டாக்குவது எப்படி என்பதே இனி வரும் பக்கங்கள்.

யாருக்கு மேலே யார்

தங்கவயலில் பலர் முதலில் தவறுவது இந்த இடத்தில். வருவாய் நிர்வாகத்துக்கு நாம் கோலார் மாவட்டம், டி.சி. ஆபீஸ் கோலாரில். ஆனால் போலீஸுக்கு கே.ஜி.எஃப். தனி மாவட்டம், அதற்குத் தனி எஸ்.பி. இருக்கிறார். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிகுப்பம், பங்கார்பேட்டை, பேத்தமங்கலா ஸ்டேஷன்கள் எல்லாம் இவருக்குக் கீழே. கோலார் எஸ்.பி.க்கு எழுதினால் மனு சுற்றி வருவதற்குள் வாரங்கள் போய்விடும்.

எஸ்.பி.க்கு மேலே மத்திய சரக ஐ.ஜி., அவருக்கு மேலே மாநில டி.ஜி.பி. இருவரும் பெங்களூரில்.

உங்களைத் தொந்தரவு செய்தவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரயிலிலோ பிளாட்பாரத்திலோ நடந்தது என்றால் அது ரயில்வே போலீஸாக இருக்கலாம், அல்லது மத்திய அரசின் ஆர்.பி.எஃப். ஆக இருக்கலாம். மூடிய சுரங்க வளாகத்தில் நிற்கும் பாதுகாவலர் போலீஸே அல்ல. அவர் அடித்தால் அது சாதாரணக் குற்ற வழக்கு. உள்ளூர் ஸ்டேஷனிலேயே எஃப்.ஐ.ஆர். கேட்க வேண்டும்.

ஆள் பிடிபட்டிருந்தால்: முதல் 24 மணி நேரம்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. கீழே இருப்பவை புதிய எண்கள்.

1. எந்த ஸ்டேஷன் என்று கண்டுபிடியுங்கள். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்ற விவரத்தைப் பராமரிக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏ.எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத ஓர் அதிகாரி இருக்க வேண்டும், விவரம் வெளியே தெரியும்படி வைக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 37. "எங்களுக்குத் தெரியாது" என்றால் எஸ்.பி. ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். 112-க்குப் போன் செய்தால் அழைத்த நேரம் பதிவாகும், அதுவும் பின்னால் பயன்படும்.

2. இருவராகப் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் நேரத்தையும் பேசியவரின் பெயர்ப் பட்டையையும் குறித்துக்கொள்ளட்டும். பெண்கள் தனியாகப் போகவே வேண்டாம்.

3. ஒன்றை மட்டும் கேளுங்கள்: "கைது செய்திருக்கிறீர்களா, விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்களா?" கைது என்றால் அரெஸ்ட் மெமோ இருக்க வேண்டும். அதில் குடும்பத்தாரோ, அந்தப் பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட்டிருக்க வேண்டும் (பிரிவு 36). காரணத்தைக் கைதானவரிடமும் (பிரிவு 47), தகவலை உறவினரிடமும் (பிரிவு 48) சொல்ல வேண்டும். விசாரணைதான் என்றால் எழுத்தில் நோட்டீஸ் எங்கே என்று கேளுங்கள். பெண்களையும், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும் (பிரிவு 179).

4. வக்கீலைப் பார்க்க விடும்படி கேளுங்கள். விசாரணை முழுக்க அவர் கூட இருக்க முடியாது, ஆனால் சந்திக்கும் உரிமை உண்டு (பிரிவு 38). பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். எஸ்.சி., எஸ்.டி. மக்கள், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்குச் சட்ட உதவி இலவசம். 15100-க்கு அழையுங்கள், அல்லது கே.ஜி.எஃப். நீதிமன்றத்தில் தாலுகா சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள்.

5. 24 மணி நேரம் தாண்டியும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை என்றால், பயண நேரத்தைக் கழித்த பிறகு, அது சட்டவிரோதக் காவல். அந்த நிமிடமே எஸ்.பி., டி.ஜி.பி., மாநில மனித உரிமை ஆணையம் மூவருக்கும் ஒரே ஈமெயில் அனுப்புங்கள். அந்தக் காலத்தில் தந்தி செய்த வேலையை இன்று ஈமெயில் செய்கிறது. கூட்டிப்போன நேரம், இடம், கூட்டிப்போனவர் யார் என்ற மூன்றும் இருந்தால் போதும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட நேர்ந்தால் இந்த ஈமெயில்தான் முதல் ஆவணம்.

6. மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது "போலீஸ் அடித்தார்களா?" என்ற கேள்வி வந்தாலும் வராவிட்டாலும், அடித்திருந்தால் வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்த அறையில் சொல்லாமல் விட்டதைப் பிறகு நிரூபிப்பது மிகக் கடினம்.

ஆறாவது படியை அழுத்திச் சொல்லக் காரணம் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் நடந்த போலீஸ் காவல் மரணங்கள். 2020 ஜூன் 19 அன்று பிடிக்கப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அரசு ஆஸ்பத்திரி, ரிமாண்ட் என்ற இரண்டு கட்டங்களையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். காயத்தைப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு இடங்கள் அவை. குடும்பத்தாராகிய நீங்கள் அந்த இரண்டு இடங்களுக்கும் நேரில் போய் நிற்க வேண்டும்.

காயமும் காமிராவும்

ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கோ, கிட்டத்தில் உள்ள வேறு அரசு ஆஸ்பத்திரிக்கோ அன்றே போங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பயத்தில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பிறகு அந்த ஒரு வரியே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. டாக்டரிடம் "போலீஸ் அடித்தது, எம்.எல்.சி. போடுங்கள்" என்று சொல்லி, அந்த எம்.எல்.சி. (மருத்துவ-சட்டப் பதிவு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வூண்ட் சர்டிஃபிகேட் பின்னால் வரும், எண் இருந்தால் தேடி எடுக்கலாம். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலை அவரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ தர வேண்டும் என்பது பிரிவு 53. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பது 1996-ன் டி.கே. பாசு தீர்ப்பு.

போட்டோ எடுக்கும்போது முகமும் காயமும் ஒரே படத்தில் வரட்டும், பிறகு காயத்தைக் கிட்டத்தில் எடுங்கள். கன்றிப்போன இடம் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நிறம் மாறும். மூன்று நாளும் எடுங்கள். படங்களை எடுத்த போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் போகும் படத்தில் தேதி விவரம் அழிந்துவிடும்.

அடுத்தது சி.சி.டி.வி. 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஸ்டேஷனின் எல்லா வாசல்களிலும், லாக்கப்பிலும், நடைபாதையிலும் காமிரா வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு வசதி இல்லாத கருவி என்றால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. சாத்தான்குளத்தில் காமிரா இருந்தது, ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டார். அதனால் உத்தரவு இருக்கிறதே என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். சம்பவம் நடந்த மறுநாளே எஸ்.பி.க்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள்: "இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்ன ஸ்டேஷனின் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோருகிறேன்." நான்கு வரிதான். அதற்குப் பிறகும் பதிவு "இல்லை" என்று பதில் வந்தால், ஏன் இல்லை என்று அவர்கள்தான் விளக்க வேண்டிவரும்.

எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால்

1. புகாரை எழுதி, இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றில் சீல், தேதி, வாங்கியவர் கையெழுத்து. ஸ்டேஷன் ரைட்டர் "வெச்சுட்டுப் போ" என்றால், "நகல்ல சீல் போட்டுக் குடுங்க சார்" என்று மரியாதையாகத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அவர் போடவில்லை என்றால் சண்டை போட வேண்டாம், வெளியே வந்து அடுத்த படிக்குப் போங்கள்.

2. அதே புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இது பிரிவு 173(4) சொல்லும் வழி. ரசீதையும் டெலிவரி ஆனதைக் காட்டும் பிரின்ட்டையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். நேரில் கொடுத்தாலும் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள்.

3. அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரிவு 175(3)-ன் கீழ் மனு. இதற்கு உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம், முன் இரண்டு படிகளின் ஆதாரமும் வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நேராக நீதிமன்றம் போனவர்களின் மனு இந்த ஆதாரம் இல்லாமல்தான் திரும்பி வருகிறது.

போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய (காக்னிசபிள்) குற்றத்தின் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2013-ன் லலிதா குமாரி தீர்ப்பு. "எங்க லிமிட் இல்ல" என்பதும் காரணம் ஆகாது, எந்த ஸ்டேஷனும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். நகல் இலவசம். பெட்டிஷன் என்கொயரி நடத்தி மூடிவிட்டோம் என்று சொன்னால் எண்டார்ஸ்மென்ட் எழுத்தில் கேளுங்கள். அதில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

குறிப்பு: கன்னடத்தில் எழுதிய தாளைப் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். தங்கவயலில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம், ஸ்டேஷன் தாள்களோ கன்னடத்தில். படித்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது கன்னடம் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் புகாரில் கையெழுத்து வேண்டும், ஆனால் விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 181. வெற்றுத்தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் கூடாது.

கடிதம் எழுதும் முறை

தமிழில் எழுதலாமா? எழுதலாம். மத்திய அல்லது மாநில அரசின் எந்த அதிகாரிக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-வது உறுப்பு. ஆனாலும் வேலை வேகமாக நடக்க, தமிழ் மூலத்தோடு ஒரு பக்கக் கன்னட மொழிபெயர்ப்பை இணையுங்கள். இதை நான் விட்டுக்கொடுப்பதாக நினைக்கவில்லை. படிப்பவருக்குப் புரியவில்லை என்ற சாக்கை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வரிசை இப்படி:

• யார் நீங்கள், எங்கே இருக்கிறீர்கள்.
• என்ன நடந்தது: தேதி, நேரம், இடம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிகழ்வு.
• யார் செய்தது: பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் நட்சத்திரம், பட்டை, வண்டி எண், உருவம்.
• யார் பார்த்தது.
• என்ன ஆதாரம் இணைத்திருக்கிறீர்கள்.
• என்ன கேட்கிறீர்கள்: விசாரணை, துறை நடவடிக்கை, எஃப்.ஐ.ஆர்., சி.சி.டி.வி. பாதுகாப்பு.

ஒரு மாதிரிப் பத்தி: "10-ஆம் தேதி இரவு 9.20 மணிக்கு எங்கள் லைன் வீட்டு வாசலில் இருந்து என் மகனை இரண்டு காவலர்கள் பைக்கில் ஏற்றிச் சென்றார்கள். ஒருவர் சீருடையில், ஒருவர் சாதாரண உடையில். காரணம் சொல்லவில்லை. 11 மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. மறுநாள் காலை 7.40-க்கு வெளியே விட்டார்கள். இடது தோளிலும் இரு பாதங்களிலும் காயம். எம்.எல்.சி. எண் இணைப்பில்."

"மிருகத்தனமாக", "கொடூரமாக" என்ற சொற்கள் இதில் இல்லை. 9.20 என்பதும் 7.40 என்பதும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டு அடி வாங்கியிருந்தால் இரண்டு என்றே எழுதுங்கள். ஒன்றைக் கூட்டிச் சொன்னது தெரிந்தால் உண்மையான ஒன்பதும் போய்விடும்.

எந்தக் கதவைத் தட்டுவது

*போலீஸ் புகார் ஆணையம்.* முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. அதில் ஒன்று, போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிக்காமல் வெளியாள் விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீது மாவட்ட ஆணையம், எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநில ஆணையம். காவல் மரணம், கொடுங்காயம், காவலில் பாலியல் வன்முறை, பணம் பறித்தல், நிலம் வீடு அபகரிப்பு, கடும் அதிகாரத் துஷ்பிரயோகம் இவை அதன் வரம்பு. கர்நாடகம் 2012-ல் போலீஸ் சட்டத்தைத் திருத்தி இந்த அமைப்புகளைக் கொண்டுவந்தது.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். கர்நாடகச் சட்டமோ பதவியில் இருக்கும் அதிகாரிகளுக்கே அதில் இடம் கொடுத்துவிட்டது. போலீஸோடு தினமும் சேர்ந்து வேலை பார்க்கும் ஒருவர் அதே போலீஸை விசாரிப்பது நியாயமான ஏற்பாடு அல்ல. அதனால் மாவட்ட ஆணையத்துக்கு அனுப்பும் புகாரின் நகலைப் பெங்களூரில் உள்ள மாநில ஆணையத்துக்கும் அனுப்புங்கள். மாவட்ட ஆணையத்தின் இப்போதைய முகவரியைக் கோலார் டி.சி. ஆபீஸில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

*மாநில மனித உரிமை ஆணையம்.* பெங்களூரில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பலர் செய்யும் தவறு, டில்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்புவது. மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதை தேசிய ஆணையம் எடுக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சி.சி.டி.வி. பதிவை வரவழைக்கும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு என்று சைனி தீர்ப்பே சொல்வதால், அதையும் மனுவில் கேளுங்கள்.

*லோக்ஆயுக்தா.* முக்கியமாக லஞ்சத்துக்கு. 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஊழல் தடுப்புப் பிரிவை (ஏ.சி.பி.) ரத்து செய்த பிறகு லஞ்ச வழக்குகள் லோக்ஆயுக்தா போலீஸுக்கே திரும்பிவிட்டன. கோலாரில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே போங்கள். வற்புறுத்தலில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த குற்றம் உங்கள் மேலும் வரும்.

*எஸ்.சி., எஸ்.டி. கண்காணிப்புக் குழு.* தங்கவயலின் பல குடும்பங்களுக்கு இது முக்கியமானது, ஆனால் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி டி.சி. தலைமையில் மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வன்கொடுமைப் புகாரை வேண்டுமென்றே பதிவு செய்யாத, வாய்மொழிப் புகாரைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கிய, நகல் தராத அரசு ஊழியர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்றால் அவருக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்கிறது அந்தச் சட்டத்தின் பிரிவு 4. கூட்டத் தேதியை டி.சி. ஆபீஸில் கேட்டு, உங்கள் விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுதிக் கொடுங்கள்.

காவலில் மரணமோ பாலியல் வன்முறையோ நடந்திருந்தால் இந்தக் கதவுகளைத் தட்டுவதோடு, பிரிவு 196-ன்படி மாஜிஸ்திரேட் விசாரணையையும் கேளுங்கள். போஸ்ட்மார்ட்டத்தை வீடியோ எடுக்கவும் கோருங்கள். உடலை வாங்கக் கையெழுத்து போடுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம்: ஒரு பழக்கம்

புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் சத்தமே இல்லை என்றால், எஸ்.பி. ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு விண்ணப்பம் போடுங்கள். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருள்தான், 150 சொல்லுக்குள். ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள்: என் மனு யாரிடம் எப்போது போனது, யார் விசாரித்தார், விசாரணை அறிக்கையின் நகல். பதில் 30 நாளில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில்.

புகார் ஒன்றும் இல்லாதபோதும் இதைச் செய்யலாம். உங்கள் ஸ்டேஷனில் எத்தனை காமிரா, அதில் எத்தனை வேலை செய்கிறது, சைனி தீர்ப்புப்படி அமைக்க வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது. ஒரு பகுதியின் இளைஞர் மன்றமோ மகளிர் குழுவோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைக் கேட்டு வந்தால், பதிலைத் தயாரிக்கவாவது யாரோ ஒருவர் போய்க் காமிராவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் பாதுகாப்பு

• எல்லாத் தாளுக்கும் மூன்று நகல். ஒன்று வீட்டில், ஒன்று ஊருக்கு வெளியே உள்ள உறவினரிடம், ஒன்று போனில் ஸ்கேன் செய்து.
• குடித்திருக்கும்போதும் கோபத்திலும் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக எதிர் வழக்கு வருவது இப்படித்தான்.
• வீடியோவை முதலில் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். புகார் போய்ச் சேரட்டும்.
• "புகாரை வாபஸ் வாங்கு" என்று யாராவது வந்தால், வந்தவர் யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றே எழுதி, அதை இரண்டாவது புகாராக அனுப்புங்கள். சமாதானம் பேச வரும் உள்ளூர்ப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.
• சாட்சிகளுக்கு மிரட்டல் இருந்தால் 2018-ன் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனு போடலாம். தாலுகா சட்டப் பணிகள் குழு உதவும்.

விசாரணைக்கு அழைத்தால்

நோட்டீஸ் வரும். பெரும்பாலும் வேலை நாளில், பெரும்பாலும் பெங்களூரில் அல்லது கோலாரில். போகாமல் இருந்தால் "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஒரு நாள் கூலி போகும் என்று தெரியும், இருந்தாலும் முதல் தேதியை விடாதீர்கள். உண்மையாகவே வர முடியாது என்றால், முன்கூட்டியே காரணம் எழுதி வேறு தேதி கேட்டு ஈமெயில் செய்து, அதன் பிரின்ட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பட்டியல் வைத்துக் கொண்டு போங்கள். தமிழில்தான் பேசுவேன் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லி, மொழிபெயர்க்க ஆளைக் கேளுங்கள், அல்லது நீங்களே ஒருவரைக் கூட்டிப் போங்கள். போலீஸ் தரப்பு எழுத்தில் பதில் தாக்கல் செய்திருந்தால் அதன் நகலைக் கேட்டு, மறுப்பு எழுத அவகாசம் வாங்குங்கள். அந்தப் பதிலில் உள்ள நேரங்களை உங்கள் கடிதத்தின் நேரங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, முரண்படும் இடங்களை மட்டும் மறுப்பில் எழுதுங்கள். அன்று என்ன பதிவானது, அடுத்த தேதி என்ன என்பதை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.